உலகத்தைக் காப்பாத்த ஒருத்தன் போதுமா?

ஃபேன்டஸி கதை படிக்கிற மக்களுக்கு இந்த ஃபார்முலா மனப்பாடமாவே தெரிஞ்சிருக்கும். எங்கேயோ ஒரு மூலையில ஒரு குக்கிராமம். அங்க ஒரு பையன். பெரும்பாலும் அப்பா அம்மா இருக்க மாட்டாங்க. தனக்குள்ள ஒரு சக்தி இருக்கறது அவனுக்கே தெரியாது. ஒரு நாள் தாடி வெச்ச பெரியவர் ஒருத்தர் வந்து, "தம்பி, உலகம் அழியப் போகுது, உன்னாலதான் முடியும்"னு சொல்லுவார். (முதல் பக்கத்துல மேப் கண்டிப்பா இருக்கும். மேப் இல்லாட்டி அது ஃபேன்டஸியே இல்லைங்கறது கட்சிக் கொள்கை.) பையன் கிளம்பிடுவான். 800 பக்கம் கழிச்சு உலகம் பிழைச்சிடும். சுபம்.

கிண்டல் பண்றேன்னு நினைக்காதீங்க. இந்த மாதிரிக் கதைகளை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து படிக்கிற கோஷ்டிதான் நானும். ஆனா ரொம்ப நாளா ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. இன்னைக்கு அதைக் கொட்டிடலாம்னு.

(எச்சரிக்கை: கீழே எர்த்ஸீ, லார்ட் ஆஃப் த ரிங்ஸ், அவதார், ஹாரி பாட்டர் எல்லாத்தோட முடிவும் வரும். இன்னும் படிக்காதவங்க, பார்க்காதவங்க அப்படியே எஸ்கேப் ஆகிடுங்க.)

சரி, மேட்டருக்கு வருவோம்.

பொட்டி தட்டறவன் கண்ணோட பார்த்தா, ஒரே ஒரு ஹீரோவை நம்பி நிக்கிற உலகம் ரொம்ப மோசமா டிசைன் பண்ணின சிஸ்டம். எங்க பாஷையில இதை 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு சொல்லுவோம். அந்த ஒரு இடம் உடைஞ்சா மொத்தமும் படுத்துடும். கோடிக்கணக்கான பேரோட உசுரு ஒரு பதினஞ்சு வயசுப் பையனோட மூடைப் பொறுத்து இருக்குன்னா, அது பெருமைப்படற விஷயமா, பயப்படற விஷயமா?

என் கட்சி இதுதான்: இந்த வகையில நல்ல கதைகள் எல்லாத்துக்கும் இது தெரியும். அதுங்கள்ல உலகத்தைக் காப்பாத்தறது ஹீரோவோட வரம் இல்லை. வேற ஏதோ ஒண்ணு. மோசமான கதைகளுக்குத்தான் இது தெரியாது. நாமளும் நல்ல கதைகளைப் படிச்சிட்டு அந்த 'வேற ஏதோ ஒண்ணை' மட்டும் மறந்துட்டு ஹீரோவை மட்டும் ஞாபகம் வெச்சுக்கறோம்.

*

முதல்ல எர்த்ஸீ. உர்சுலா லெ குவின் 1968-ல 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ'ன்னு எழுதினாங்க. முழுக்கத் தீவுகளா இருக்கற ஒரு உலகம். அதுல கோன்ட்னு ஒரு தீவு. அங்க ஆடு மேய்க்கிற ஒரு பையன், பின்னாடி கெட்-னு பேர் வாங்கறான். அம்மா இல்லாத பையன், பிறவியிலேயே வரம். கொள்ளைக்காரங்க ஊருக்குள்ள வர்றப்போ மூடுபனியை வரவழைச்சு ஊரையே காப்பாத்தறான். நம்ம ஃபார்முலாதானேன்னு நினைப்பீங்க. அங்கதான் லெ குவின் வண்டியைத் திருப்பறாங்க.

மந்திரம் கத்துக்கற பள்ளிக்கூடத்துல கூடப் படிக்கிற ஒருத்தன் சீண்டறான். நம்மாளு, "என்னால செத்தவங்களையே கூப்பிட முடியும்"னு வீறாப்பா இறங்கறான். கூப்பிட்டும் காட்டறான். ஆனா திறந்த கதவு வழியா ஒரு கரிய நிழலும் கூடவே வந்துடுது. பையனைக் கிழிச்சுப் போடுது. அந்தக் கதவை மூடறதுக்குப் பள்ளியோட தலைவரான கிழவர் நெம்மர்ல் தன்னோட உசுரையே செலவு பண்றார். அதுக்கப்புறம் புத்தகம் முழுக்கக் கெட் உலகத்தைக் காப்பாத்தப் போறதில்லை. தான் போட்ட பக்-ஐத் தானே ஃபிக்ஸ் பண்ணப் போறான், அவ்வளவுதான். அந்த நிழலுக்குத் தன்னோட பேரையே வைக்கறதுலதான் கதை முடியுது. எதிரி வெளியில இல்லை.

இந்தப் புத்தகத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் சண்டை, டிராகன் எதுவும் இல்லை. மழை. கெட்டோட முதல் குரு ஒகியான். பூகம்பத்தையே அடக்கினவர்னு ஊரெல்லாம் பேச்சு. ரெண்டு பேரும் நடந்து போறப்போ மழை வருது. மத்த மந்திரவாதிகளா இருந்தா மேகத்தை அந்தப் பக்கம் தள்ளி விட்டுடுவாங்க. அந்தப் பக்கம் இருக்கறவர் இந்தப் பக்கம் தள்ளுவார். (ஒரு டீம் இன்னொரு டீமுக்கு டிக்கெட்டைத் தள்ளிவிடற மாதிரியே இருக்கா? அதேதான்.) ஒகியான் மட்டும் ஒண்ணுமே பண்ணாம, ஒரு மரத்தடியா பார்த்துப் படுத்துடறார். பையனுக்கு எரிச்சல். 'இவ்வளவு சக்தி இருந்து என்ன புண்ணியம்?' என்பது அவன் நினைப்பு. சக்தி இருக்கறவன் எப்போ அதைத் தொடக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்கறதுதான் படிப்பு, அப்படிங்கறதை அவன் புரிஞ்சுக்கறதுக்குள்ள ஒரு உசுரு போயிடுது.

இன்னொண்ணும் சொல்லணும். கெட் செம்பழுப்பு நிறம். அவனோட நண்பன் வெட்ச் கறுப்பு. அந்த உலகத்துல பெரும்பாலானவங்க நம்ம நிறம்தான். 'தேர்ந்தெடுக்கப்பட்டவன்'னாலே வெள்ளைக்காரப் பையன்னு இருந்த காலத்துல, 1968-லயே, அந்தம்மா வேணும்னே அப்படி எழுதினாங்க. 2004-ல ஒரு அமெரிக்க சானல் இதை டிவி தொடரா எடுத்தப்போ கெட்டை வெள்ளைக்காரனா ஆக்கிட்டாங்க. லெ குவின் சும்மா விடல, பகிரங்கமாவே கண்டிச்சு எழுதினாங்க. வரம் யாருக்குக் கிடைக்குதுங்கறதுலயே ஒரு அரசியல் இருக்குங்க.

*

அடுத்து டோல்கீன். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் (1954-55) பத்திப் பேசறவங்க நிறைய பேர், ஃப்ரோடோ மோதிரத்தை எரிமலையில போட்டு உலகத்தைக் காப்பாத்தினான்னு சொல்றாங்க. புத்தகத்தைத் திரும்ப ஒருக்கா எடுத்துப் பாருங்க. அவன் போடவே இல்லை!

அவ்வளவு தூரம் நடந்து, எரிமலை வாய்க்கே வந்து, கடைசி நிமிஷத்துல 'இது என்னுது'ன்னு மாட்டிக்கறான். ஹீரோ தோத்துட்டான். அப்புறம் கோலம் (நம்ம வாசல்ல போடறது இல்லீங்க, இவன் வேற) பாய்ஞ்சு ஃப்ரோடோவோட விரலைக் கடிச்சு மோதிரத்தைப் பிடுங்கறான். சந்தோஷத்துல குதிச்சு, கால் தவறி உள்ள விழறான். உலகம் பிழைக்குது.

அப்போ காப்பாத்தினது யாரு? கோலம் அன்னைக்கு அங்க உசுரோட இருந்ததுதான். அவன் ஏன் உசுரோட இருந்தான்? பல வருஷத்துக்கு முன்னாடி பில்போ அவனைக் கொல்ல வாய்ப்பு கிடைச்சும் பரிதாபப்பட்டு விட்டான். பின்னாடி ஃப்ரோடோவும் விட்டான். சாமும் விட்டான். ஆக, உலகத்தைக் காப்பாத்தினது மூணு சாதாரண ஆசாமிகளோட இரக்கம். அதுவும் எந்தப் பலனும் எதிர்பார்க்காத இரக்கம்.

இதுல ஒரு சுவாரசியமான தகவல். 'த ஹாபிட்' 1937-ல முதல்ல வந்தப்போ அந்த இரக்கக் காட்சியே கிடையாது. அதுல கோலம் விடுகதைப் போட்டியில தோத்துட்டு, நல்ல பிள்ளையா பில்போவுக்கு வழி காட்டி அனுப்பிடுவான். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதற சமயத்துல டோல்கீன் பழைய அத்தியாயத்தையே மாத்தி எழுதினார். 1951 பதிப்புலதான் பில்போ இருட்டுல கத்தியோட நின்னு, மனசு இளகி, தாண்டிக் குதிச்சு ஓடற காட்சி வருது. அதாவது, ஏற்கனவே ரிலீஸ் ஆன புத்தகத்துக்கு ஒரு பேட்ச் போட்டு, தன்னோட கதையோட அச்சாணியா ஒரு மன்னிப்பை வெச்சிருக்கார் மனுஷன்.

அந்த உலகத்துல உண்மையிலேயே வரம் உள்ளவங்க என்ன பண்ணாங்கன்னு கவனிச்சீங்களா? கேன்டால்ஃப் மோதிரத்தை வேண்டாம்னுட்டார். கலாட்ரியல் வேண்டாம்னுட்டாங்க. தன் கையில போனா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும். அரகார்ன் ஒரு படையைக் கூட்டிக்கிட்டு, ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சே எதிரியோட வாசல்ல போய் நிக்கறான். எதுக்கு? எதிரியோட கண்ணு ரெண்டு குள்ளப் பசங்க பக்கம் போயிடக் கூடாதுன்னு. சக்தி உள்ளவங்க சக்தி இல்லாதவங்களுக்குக் கவர் குடுக்கற கதை இது. நாம இதைப் போய் வீரசாகசக் கதைன்னு சொல்லிட்டுத் திரியறோம்.

பீட்டர் ஜாக்சனோட 2003 படத்துல இந்த இடத்தை லேசா மாத்திட்டார். ஃப்ரோடோ எழுந்து வந்து கோலமோட மல்லுக்கட்டி, ரெண்டு பேருமா விளிம்புல சரியறாங்க. படமாப் பார்க்க நல்லாத்தான் இருக்கு, மறுக்கல. ஆனா ஹீரோ கையாலயே முடிஞ்ச மாதிரி ஒரு திருப்தி குடுக்கப் பார்த்து, டோல்கீன் சொன்னதைப் பாதி அழிச்சுட்டார்ங்கறது என் வருத்தம். ஊருக்குத் திரும்பினா சொந்த ஊரே நாசமாகிக் கிடக்கறதும், நாலு ஹாபிட்களும் ஊர்க்காரங்களைத் திரட்டி அதைச் சரி பண்றதும் புத்தகத்துல ஒரு முழு அத்தியாயம். படத்துல அது காலி.

*

மூணாவது, அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர். 2005-லேருந்து 2008 வரைக்கும் 61 எபிசோடு. (நீல மனுஷங்க வர்ற ஜேம்ஸ் கேமரூன் படம் இல்லை.) குழந்தைங்க கார்ட்டூன்னு ஒதுக்கினவங்க ஒரு நல்ல விஷயத்தைத் தவற விட்டீங்க.

நீர், நிலம், நெருப்பு, காற்று நாலையும் ஆளத் தெரிஞ்ச ஒரே ஆள் அவதார். 12 வயசுப் பையன் ஆங். நீதான் அவதார்னு சொன்ன உடனே பயந்து ஓடிப் போறான். புயல்ல மாட்டி, பனிப்பாறைக்குள்ள உறைஞ்சு, 100 வருஷம் கழிச்சு முழிக்கறான். அதுக்குள்ள நெருப்பு நாடு அவனோட இனத்தையே அழிச்சுட்டு, மத்த நாடுகளோட போர் நடத்திட்டு இருக்கு. எல்லாரும் அவனைக் குத்தம் சொல்றாங்க. ஒரு குழந்தை ஓடிப்போனதால நூறு வருஷம் போர் நடந்துதுன்னா, குத்தம் குழந்தை மேலயா, குழந்தையை நம்பின ஏற்பாட்டு மேலயா?

கடைசி நாலு எபிசோடைப் பாருங்க. ஆங் ராஜாவோட சண்டை போடறான், சரி. ஆனா ஊர்களைக் கொளுத்த வர்ற ஆகாயக் கப்பல்களைக் கவுக்கறது சொக்காவும் டாஃபும் சுக்கியும். சொக்காவுக்கும் சுக்கிக்கும் எந்த சக்தியும் கிடையாது. சொக்கா கையில இருக்கறது ஒரு பூமராங், தலையில கொஞ்சம் மூளை. பா சிங் சே நகரத்தை மீட்கறது ஒரு கிழவர் கூட்டம். இளவரசியைத் தடுக்கறது அவளோட அண்ணன் சூகோவும் கட்டாராவும். இதுல எந்த ஒண்ணு சொதப்பினாலும் ஆங் ஜெயிச்சும் பிரயோஜனம் இல்லை.

குறையும் சொல்லிடறேன். கடைசி நேரத்துல ஒரு ராட்சத ஆமை வந்து ஆங்குக்குப் புது சக்தி ஒண்ணைக் குடுத்துட்டுப் போகுது. கொல்லாம ஜெயிக்கணும்ங்கற அவனோட தர்மசங்கடம்தான் அந்தக் கதையிலேயே கனமான விஷயம். அதுக்கு விடையா இன்னொரு வரத்தைக் குடுத்தது ஏமாற்றம்தான்.

ஹாரி பாட்டரை ரெண்டே வரியில முடிச்சுக்கறேன், உங்க எல்லாருக்கும் அத்துப்படி. அந்த ஜோசியம் நெவிலுக்கும் பொருந்தும்னு 2003-ல வந்த அஞ்சாவது புத்தகத்துல டம்பிள்டோரே சொல்லிடறார். 2007-ல வந்த ஏழாவது புத்தகத்துல பாம்பு தலையை வெட்டறது அந்த 'தேர்ந்தெடுக்கப்படாத' நெவில்தான்.

*

"அட போய்யா, கதையை கதையாப் பாரு"ன்னு சொல்றவங்களுக்கு. நியாயம்தான். நம்மளை யாருமே கண்டுக்காத வயசுல, 'உனக்குள்ள ஒண்ணு இருக்கு'ன்னு ஒரு கதை சொல்றது பெரிய ஆறுதல். அதை நான் குறைச்சு மதிப்பிடல. ஆனா அந்தக் கதையோட அடுத்த பாதியைச் சொல்லாம விட்டா, ரெண்டு பேருக்குக் கெடுதல். வரம் இல்லாதவன், 'யாரோ வருவான், பார்த்துப்பான்'னு உக்காந்துடறான். வரம் இருக்கறவன் தலையில எல்லாரும் ஏறி உக்காந்துடறாங்க.

ரெண்டாவதை நான் கண்ணால பார்த்திருக்கேன். முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு சீனியர் இருந்தார். பேர் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். அசாத்தியத் திறமை. பத்து வருஷத்துக் கோடு மொத்தமும் அவர் தலைக்குள்ள. எது படுத்தாலும் அவருக்குத்தான் போன். ராத்திரி மூணு மணிக்கு எழுந்து சரி பண்ணுவார், காலையில பாராட்டு மெயில் வரும், வருஷா வருஷம் மேடையில ஏத்தி கண்ணாடியில செஞ்ச ஒரு விருது குடுப்பாங்க. அவரோட அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்கு, ஆஸ்பத்திரி வராண்டாவுல மடியில லேப்டாப்போட உக்காந்து கால்ல பேசிட்டு இருந்தார். மேனேஜர் "யூ ஆர் அவர் ஹீரோ"ன்னு சொன்னார். அவர் பதிலுக்கு ஒண்ணும் சொல்லல. அடுத்த மாசம் பேப்பர் போட்டுட்டார்.

மூணு வாரம் ஆபீஸே ரணகளம். அதுக்கப்புறம் நடந்ததுதான் விஷயம். புதுசா சேர்ந்த ரெண்டு பொண்ணுங்க பொறுமையா உக்காந்து ஒவ்வொண்ணா எழுதி வெச்சாங்க. எது எங்க இருக்கு, எது உடைஞ்சா என்ன பண்ணணும், எல்லாம். நாலு மாசத்துல எந்த மேதாவியும் இல்லாமலே சிஸ்டம் ஓட ஆரம்பிச்சுது, ராத்திரி போனும் நின்னுடுச்சு. அந்த ரெண்டு பேருக்கும் எந்த விருதும் குடுக்கல. தீயை அணைக்கறவனுக்கு மாலை, தீயே பிடிக்காமப் பார்த்துக்கறவனுக்கு ஒண்ணுமில்லை. அப்போ எனக்குத் தோணினது: அந்த வேலையை முதல் நாள்லேருந்தே நாலு பேருக்குப் பிரிச்சுக் குடுத்திருக்க முடியும். ஹீரோன்னு ஒரு பட்டம் குடுத்ததால அதை யாரும் யோசிக்கவே இல்லை.

*

லெ குவின் இதைக் கடைசி வரைக்கும் யோசிச்சிருக்காங்க. அதனாலதான் அவங்களை இந்த வகையில முதல் இடத்துல வைக்கறேன்.

1972-ல வந்த மூணாவது புத்தகத்துல கெட் நிஜமாவே உலகத்தைக் காப்பாத்தறார். மரணமே வேண்டாம்னு ஒருத்தன் திறந்து வெச்ச கதவை மூடறதுக்குத் தன் சக்தி மொத்தத்தையும் செலவு பண்ணிடறார். சாதாரணமா அங்கயே 'சுபம்' போட்டுடுவாங்க. 18 வருஷம் கழிச்சு, 1990-ல 'தெஹானு' வருது. சக்தி போன ஹீரோ வீட்டுக்கு வந்தா எப்படி இருப்பான்? கூனிக் குறுகிப் போயிருக்கார். ராஜாவோட ஆளுங்க தேடி வந்தா ஒளிஞ்சுக்கறார். மலைமேல போய் மறுபடியும் ஆடு மேய்க்கறார். வரம்தான் நான்னு இருந்தவன், வரம் போன அப்புறம் மனுஷனா வாழக் கத்துக்கறதுதான் அந்தப் புத்தகம். அந்த ஆஸ்பத்திரி வராண்டா மனுஷரை நினைச்சுக்கிட்டேதான் இதைப் படிச்சேன்.

அப்புறம் 2001-ல 'தி அதர் விண்ட்'. உலகத்துக்குப் பெரிய ஆபத்து. அதுவும் ஒரு காலத்துல மந்திரவாதிகளே மரணத்தை ஜெயிக்கறேன்னு பண்ணி வெச்ச கோளாறு. இப்போ கெட் என்ன பண்றார் தெரியுமா? வீட்டுல இருக்கார். ஆடு, கோழி, தோட்டம். உலகத்தைச் சரி பண்ணப் போறவங்க ஒரு கும்பல்: அவரோட மனைவி டெனார், வளர்ப்பு மகள், ராஜா, சில டிராகன்கள், எதிரி நாட்டு இளவரசி, அப்புறம் ஆல்டர்னு ஒருத்தர். இந்த ஆல்டருக்கு இருக்கறது ரொம்பச் சின்ன வரம். உடைஞ்ச பானையை, குடத்தை ஒட்டறவர். அவ்வளவுதான். செத்துப்போன மனைவியை நினைச்சுத் தூங்க முடியாம தவிக்கறவர். உயிரோட இருக்கறவங்களுக்கும் செத்தவங்களுக்கும் நடுவுல இருக்கற கல்சுவரை இடிக்கறப்போ, முதல் கல்லைப் பெயர்க்கற கை அந்தப் பானை ஒட்டறவரோடது.

1968-ல பிறவி வரத்தோட ஆரம்பிச்ச கதையை 33 வருஷம் கழிச்சு ஒரு ரிப்பேர்காரர் கையில குடுத்து முடிச்சாங்க பாருங்க, அங்க நான் ஃபிளாட். லெ குவின் 2018-ல இறந்துட்டாங்க. இந்த ஆறு புத்தகமும் வரிசையா படிக்கக் கிடைச்சா விட்டுடாதீங்க.

அதனால இப்போல்லாம் புதுசா எந்த ஃபேன்டஸி எடுத்தாலும் மூணு கேள்வி கேட்டுப் பார்க்கறேன்:

1. ஹீரோ கடைசியில தோத்திருந்தா, உலகம் பிழைக்கறதுக்கு இந்தக் கதையில வேற வழி இருக்கா?
2. வரம் இல்லாதவங்க செய்யற ஒரு காரியமாவது முடிவை மாத்துதா?
3. காப்பாத்தின அப்புறம், அந்தப் பையனை யாராவது பார்த்துக்கறாங்களா?

மூணுக்கும் 'இல்லை'ன்னா, மேப் எவ்வளவு அழகா இருந்தாலும் எனக்கு வேண்டாம். மூணாவது கேள்விக்கு மட்டும் 'ஆமா'ன்னாலும் உக்காந்து படிச்சுடுவேன். ஏன்னா அந்தக் கேள்வியைக் கேக்க மறந்த உலகம், அடுத்த தடவை காப்பாத்த ஆள் தேடறப்போ, கிடைக்க மாட்டான்.

நீங்க படிச்சதுல இந்த மூணையும் தாண்டின கதை எதுன்னு சொல்லுங்க மக்களே. ஆல்டர் மாதிரி வேற யாராவது பானை ஒட்டறவர் இருந்தா, கண்டிப்பா சொல்லுங்க. :-)